நாற்பது ஃப்ரேம்வொர்க்குக்கு மூன்று மாதச் சம்பளமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாகச் சரக்கு விநியோகப் பிரிவில் வேலை செய்கிறேன். நிறுவனங்களுக்கு வியாபார ஆலோசனை சொல்லும் ஸ்ட்ராட்டஜி கன்சல்டிங்குக்கு மாற ஆசை. ஆனால் ஒரு பிசினஸ் பிரச்சினையைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மனம் நாலாபக்கமும் ஓடுகிறது. 40 ஃப்ரேம்வொர்க் (பிரச்சினையை அலசுவதற்கான தயார் வரைபடங்கள்), சான்றிதழ், பெரிய நிறுவனங்களுக்கு ரெஃபரல் என்று ஒரு பயிற்சி வகுப்பு விளம்பரம் செய்கிறது. கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். முன்பணம் கட்டிவிட்டேன். சேரலாமா?

பதில்: வேண்டாம்.

மனம் நாலாபக்கமும் ஓடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஓடுகிற மனத்தைப் பிடித்து ஒரு தாளில் உட்கார வைக்கிற பழக்கத்துக்குத்தான் ஸ்ட்ரக்சர்டு ப்ராப்ளம் சால்விங் என்று பெரிய பெயர். அதைக் கற்க 40 வரைபடம் தேவையில்லை. ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

ஒரு ஜிம்மில் உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது, லாபமோ குறைந்திருக்கிறது. ஏன்? இதைக் கேட்டதும், வகுப்பில் தயாராகி வந்தவர்களில் பலர் தாளில் ஐந்து கட்டம் போடுவார்கள்: போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், வாங்குபவர், சப்ளையர். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய ஐந்து சக்திகள் இவை. ஒரு தொழிலில் லாபம் ஏன் தங்குகிறது, ஏன் தங்குவதில்லை என்று பார்க்க நல்ல கருவி. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில் ஒரு ஜிம்மில் பணம் எங்கே ஒழுகியது என்று அது சொல்லாது. நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில், அந்த ஐந்து கட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பேனாவை மூடிவிடத் தோன்றும்.

லாபம் என்றால் வரவில் செலவு போக மீதி. வரவு என்றால் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு. போன வருடம் 1,000 பேர், ஆளுக்கு 50, வரவு 50,000, செலவு 30,000, லாபம் 20,000. இந்த வருடம் 1,200 பேர், ஆளுக்குச் சராசரி 40, வரவு 48,000, செலவு 32,000, லாபம் 16,000. எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த 4,000-இல் பாதி வரவில் போயிருக்கிறது, பாதி செலவில். செலவு 2,000 கூடியதில் அதிசயமில்லை. 200 பேர் கூடுதலாக வந்தால் அவ்வளவு ஆகும். உறுத்துவது சராசரிச் சந்தா. 50 எப்படி 40 ஆனது?

விசாரித்தால், 600 பேர் பழையபடி 50 கட்டுகிறார்கள். 600 பேர் சலுகைத் திட்டத்தில் 30 கட்டுகிறார்கள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். கூடியது 200 பேர், சலுகையில் இருப்பது 600 பேர். மீதி 400 பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஒன்று, முழுச் சந்தா கட்டிக்கொண்டிருந்த பழைய ஆட்களே சலுகைக்கு மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் 400 பழைய ஆட்கள் விலகிப்போய், அந்த இடத்தைப் புது ஆட்கள் நிரப்பியிருக்க வேண்டும். முதலாவது என்றால் சலுகையைப் புதியவர்களுக்கு மட்டும் என்று திருத்தினால் போதும். இரண்டாவது என்றால் ஜிம்மிலேயே ஏதோ கோளாறு. சலுகை அதை மூடி மறைத்திருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டவருக்கு வேலை கொடுக்கலாம்.

நாம் செய்தது என்ன? பெரிய கேள்வியைக் கிளை கிளையாகப் பிரித்தோம், கனமான கிளையில் மட்டும் இறங்கினோம், ஒரு ஊகம் வைத்தோம், அதை உறுதி செய்ய எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்டோம். பிரிக்கும்போது ஒரு கிளை இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது. மீசி (MECE) என்று பயமுறுத்துவார்களே, அது இவ்வளவுதான். 1960-களில் மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்த பார்பரா மின்டோ பிரபலமாக்கியது. ‘விலை, மார்க்கெட்டிங், வாடிக்கையாளர்’ என்று பிரித்தால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். ‘வரவு, செலவு’ என்று பிரித்தால் கிடக்காது.

இனி அந்த ரெஃபரல் விஷயம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர், உங்களை அறிந்து, உங்களுக்காகச் சொல்லும் வார்த்தைதான் ரெஃபரல். காசு வாங்கிக்கொண்டு மொத்தமாக விற்கிறவரிடம் இருப்பது வெறும் ஃபோன் எண் பட்டியல். பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. சான்றிதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; ஜிம் கணக்கு போல ஒரு பிரச்சினையைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் கேஸ் இன்டர்வியூவில் உங்கள் முன்னால் ஒரு தாளும் பேனாவும்தான் இருக்கும். அப்புறம், மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் மூன்றுமே பயிற்சிக் கேஸ்களைத் தங்கள் இணையதளங்களில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. அதே சரக்குக்குப் புது அட்டை ஒட்டி விற்பவர்கள் ஏராளம்.

இவர்கள் கடை விரிக்க யார் காரணம்? நிறுவனங்களும்தான். சிந்தனைத் திறனைத்தான் பார்க்கிறோம் என்பார்கள். முதல் சல்லடையில் கல்லூரிப் பெயரைப் பார்ப்பார்கள். ஆறு வருட உழைப்பை அரை மணி, முக்கால் மணிப் பேச்சில் எடை போடுவார்கள். தேறாதவருக்கு ஏன் தேறவில்லை என்று உருப்படியாக ஒரு வரி சொல்வது அபூர்வம். கதவு அப்படி மூடிக் கிடந்தால் சாவி விற்கிறேன் என்று ஒருவன் வரத்தான் செய்வான்.

பணம் கொடுப்பதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, மாதிரி நேர்காணல். அதுவும் எல்லோருக்கும் இல்லை. முதலில் நீங்களே பதினைந்து இருபது கேஸ் செய்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால், இலவசமாகத் தெரிந்துகொள்ளக்கூடியதைக் காசு கொடுத்துக் கேட்டு வருவீர்கள். இரண்டாவது, உங்களோடு உட்கார்ந்து பயிற்சி செய்ய ஆளே கிடைக்காமல் இருக்க வேண்டும். தயாராகிற இன்னொருவர் கிடைத்தால் மாறி மாறிக் கேள்வி கேளுங்கள், அது போதும். கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தால் இன்னும் வேகமாகப் பிடிபடும். மூன்றாவது, எதிரில் இருப்பவர் உண்மையிலேயே கன்சல்டிங்கில் ஆளெடுக்க நேர்காணல் நடத்தியவராக இருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் படித்து அங்கேயே பயிற்சியாளரானவர் வேண்டாம். மூன்றும் பொருந்தினால் இரண்டு, மூன்று அமர்வுக்கு, ஒவ்வொன்றாகப் பணம் கொடுங்கள். பேக்கேஜ் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்குப் பயிற்சிக் களம் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. சரக்கு ஏன் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதையே எடுங்கள். ஆர்டர் வந்தது முதல் கிடங்கை விட்டுக் கிளம்பும் வரை ஒரு நேரம், கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும் வரை ஒரு நேரம். எது நீண்டிருக்கிறது? அந்தக் கிளையில் மட்டும் இறங்குங்கள். கண்டுபிடித்ததை உங்கள் மேலாளரிடம் இரண்டு நிமிடத்தில், முடிவை முதலில் சொல்லிக் காரணத்தை அப்புறம் சொல்லுங்கள். அவர் நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது, இன்டர்வியூவிலும் அப்படித்தான் கேட்பார்கள்.

சரி, முன்பணம். தொலைபேசியில் பேசாதீர்கள், பேசினால் தள்ளுபடி தருகிறேன் என்று உங்களை மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். விலகுகிறேன், பணத்தைத் திருப்பித் தரும் விதி எது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டிய ரசீதையும் ரெஃபரல் தருவதாகச் சொன்ன விளம்பரத்தின் படத்தையும் கூடவே இணையுங்கள்.