பேஸ் கிட்டார் சந்தேகங்கள்: கம்பி இரைச்சல், ஹம், பழைய கருவி பேரம்

கேள்வி: ஒரு வருடமாக வாசிக்கும் நான்கு கம்பி பேஸ். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இ கம்பியில் (மிகத் தடித்தது) முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடுகள்) கரகரவென்று இரைகிறது. "நெக் போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கும், நெக்கின், அதாவது கருவியின் கழுத்தின், வளைவு இம்மியளவு மாறும். பெரும்பாலும் அந்த இம்மிதான் இரைச்சலுக்குக் காரணம்.

இரைச்சல் எங்கே வருகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் வந்தால், நெக் தேவைக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் என்றால் ஆக்‌ஷன் தாழ்வு, அதாவது கம்பி ஃப்ரெட்டை ஒட்டி ஓடுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. விரலே வைக்காத வெறும் கம்பியில் மட்டும் என்றால் நட்டில் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) உள்ள பள்ளம் தேய்ந்திருக்கிறது.

உங்களுடையது முதல் வகை. கருவியைச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும், தளர்ந்த கம்பியில் எடுக்கும் அளவு பயன்படாது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். இ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது 8ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். ஃபிங்கர்போர்டின் (விரல் வைக்கும் பலகை) குறுக்கு வளைவின் ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் வரை உள்ள பேஸ்களுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு 0.012 அங்குலம், சுமார் 0.3 மி.மீ. இதை அளக்க ஃபீலர் கேஜ் போதும். பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருப்பாரே, அதேதான்.

இடைவெளியே இல்லையென்றால் டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் இரும்புக் கம்பி) தளர்த்த வேண்டும். அதன் முனையிலுள்ள திருகு நட்டை நேராகப் பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று மட்டும். மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளந்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. சாவி விஷயத்தில் கவனம்: சில கருவிகளுக்கு 4 மி.மீ., சிலவற்றுக்கு 5 மி.மீ., ஃபெண்டர் வகையில் பலவற்றுக்கு 3/16 அங்குலம். கொஞ்சம் லூஸாக இருக்கும் சாவியைப் போட்டுத் திருகினால் உள் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு அந்த நட்டை எடுப்பதே பெரும்பாடு. இறுகித் திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்டாமல் விவரமானவரிடம் கொடுங்கள்.

நெக் சரியானதும் 17ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் பாருங்கள். இ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. நல்ல தொடக்கம். உயரத்தை பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலின் ஸ்குரூவில்தான் மாற்ற வேண்டும். டிரஸ் ராடைத் திருகி ஆக்‌ஷனைக் குறைப்பதுதான் நம் ஊரில் அதிகம் பார்க்கும் தவறு. அதனால்தான் மழைக்கு முன்பே பல நெக்குகள் நிமிர்ந்து நிற்கின்றன.

கேள்வி: ஜாஸ் பேஸில் (இரண்டு பிக்கப் உள்ள ஃபெண்டர் மாடல்) இரண்டு வால்யூமும் முழுக்க இருந்தால் சத்தமில்லை. ஒன்றைக் குறைத்தால் "ம்ம்ம்" என்று ஹம் வருகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. பழுதா?

பதில்: பழுதல்ல. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்த இரண்டு பிக்கப்பும் ஒற்றைக் காயில் (ஒரே கம்பிச்சுருள்) வகை. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால், சம அளவில் திறந்திருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம்மைப் பரஸ்பரம் அடித்துவிடும். சமம் குலைந்தால் ஹம் வெளியே வரும். தொட்டால் குறைவது பிரிட்ஜின் கிரவுண்டு ஒயர் சரியாக இருப்பதற்கு அடையாளம்.

"ஜிர்ர்" என்ற கூர்மையான ஒலியாக இருந்தால் அது வேறு. அறையின் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் எல்இடி விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இந்த ஒலிக்கு, கன்ட்ரோல் குழியில் செம்புத் தாள் ஒட்டி அதை கிரவுண்டில் சேர்த்தால் நல்ல பலன் உண்டு. "ம்ம்ம்" ஹம்முக்குச் செம்புத் தாள் உதவாது, ஹம் இல்லாத பிக்கப் மாற்றுவதே வழி.

ஒன்றே ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கம்பியைத் தொட்டால் ஹம் கூடினாலோ, விரலில் சுருக்கென்று கரண்ட் தெரிந்தாலோ உடனே ஆம்பை பிளக்கோடு எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத சாக்கெட், எர்த் முள் வெட்டப்பட்ட பிளக் இரண்டும் உயிருக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை வாசிக்க வேண்டாம்.

கேள்வி: "ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்" முறையில் பழகுகிறேன். முதல் நான்கு ஃப்ரெட்டில் மணிக்கட்டு வலிக்கிறது. கை சிறியதா?

பதில்: கையைக் குறை சொல்லாதீர்கள். 34 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை ஏறக்குறைய 130 மி.மீ. ஐந்திலிருந்து எட்டு வரை சுமார் 103 மி.மீ. தான். அதே நீட்டலை இரண்டு இடத்திலும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கீழே டபுள் பேஸ்காரர்கள் வழியைப் பின்பற்றுங்கள். ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் மூன்று ஃப்ரெட்டுக்கு. மோதிர விரல் சுண்டுவிரலோடு சேர்ந்து அழுத்தும். நான்காவது ஃப்ரெட் தேவையென்றால் விரலை நீட்டாமல் கையையே நகர்த்துங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு விரல் ஒரு ஃப்ரெட் முறை சுகமாக வரும். ஸ்ட்ராப்பை, உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் இருக்கும் உயரத்திலேயே கட்டுங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கியே தீரும்.

கேள்வி: டி கம்பியில் வாசிக்கும்போது இ, ஏ கம்பிகள் பின்னால் முனகுகின்றன. ஆம்ப் சத்தம் கூடினால் குழம்பிப்போகிறது.

பதில்: வலது கட்டை விரலை பிக்கப் மேலேயே ஊன்றிவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதை நகர விடுங்கள். ஏ வாசிக்கும்போது கட்டை விரல் இ மேல் இருக்கட்டும். டிக்குப் போனால் கட்டை விரல் ஏ மேல் இறங்கி, அதன் பக்கவாட்டுச் சதை இ கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஜி வாசிக்கையில் கட்டை விரலை ஏ மேலேயே விடுங்கள். மீட்டிய விரல் அடுத்த தடித்த கம்பியில் போய் இளைப்பாறினால் டி தானாக அடங்கும். மெல்லிய கம்பிகளை இடது விரல்களின் அடிப்பகுதி அடக்க வேண்டும். ஆம்ப் இல்லாமல் மெதுவாகப் பழகுங்கள். பேஸின் மேல் கொம்பில் காதை வைத்தால் முனகல் நன்றாகக் கேட்கும்.

கேள்வி: வேறு ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய பேஸை என் பேஸோடு மாற்றிக்கொள்ளக் கேட்கிறார். நேரில் பார்க்க முடியாது. எதையெல்லாம் கேட்பது, எப்படி அனுப்புவது?

பதில்: முன்பக்கப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஹெட்ஸ்டாக் (சுருதித் திருகுகள் இருக்கும் தலை) பக்கமிருந்து நெக் நெடுக நோக்கிய படம், நெக் உடலோடு சேரும் இடம், ஹெட்ஸ்டாக்கின் பின்புறக் கழுத்து, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளின் நெருக்கப் படம் இவை கட்டாயம். நெக் ஒருபக்கமாக முறுக்கியிருந்தால் பேச்சை அத்துடன் நிறுத்துங்கள், அது சரியாகாது. நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசித்த வீடியோ கேளுங்கள். ஜி கம்பியில் 5 முதல் 7 வரை ஒரு ஸ்வரம் சீக்கிரம் அடங்கினால் பதற வேண்டாம், போல்ட் நெக் பேஸ்களில் (கழுத்தை ஸ்குரூவில் பிணைத்தவை) இது சகஜம்.

மிக முக்கியமான சோதனை டிரஸ் ராட். மேலே சொன்ன 8ஆம் ஃப்ரெட் அளவை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். நட்டைக் கால் சுற்று திருகி மறுபடி அளந்தால் அளவு மாற வேண்டும். நட் முழுக்க இறுகியும் நெக் குழிந்தே இருந்தால் வேண்டாம். வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு சின்னக் குறை, கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும். ஆனால் விலை பேச அது உதவும்.

"எழுபதுகளின் ஃபெண்டர்" என்று சொன்னால் லோகோவை நம்பாமல் பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகம்) படங்களைக் கேளுங்கள். பின்புறத்தில் 1377612 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 76 வருடம், 12 வாரம். கருவி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, பாட் மாற்றப்படாத வரை.

போல்ட் நெக் என்றால் கழற்றி அனுப்புவதே பத்திரம். முழுதாக அனுப்பும் பெட்டி கீழே விழுந்தால் முதலில் உடைவது ஹெட்ஸ்டாக் கழுத்துதான். கம்பிகளைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூவை எடுத்து ஒரு கவரில் போட்டு உடலோடு ஒட்டுங்கள். நெக்கையும் உடலையும் தனித்தனியே சுற்றி, பெட்டியின் ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை விடுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்குரூவை முதலில் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், "டக்" என்று பழைய புரியில் இறங்குவது கையில் தெரியும். அதன் பிறகு முன்னோக்கி இறுக்குங்கள். புதுப் புரி வெட்டிவிட்டால் மரத்தின் பிடி போய்விடும்.

இருவரும் ஒரே நாளில் அனுப்புவது, பெட்டியை வீடியோ காலில் பிரிப்பது, கூரியர் செலவு யாருடையது என்பதையெல்லாம் அனுப்பும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் என் பாசிவ் (பேட்டரி இல்லாத) பேஸை நேராக மிக்ஸரில் செருகுகிறோம். ஒலி போர்த்தியது போல மங்கலாக இருக்கிறது. பேஸை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பாசிவ் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் போன்ற உயர்ந்த மின்தடை உள்ள இன்புட் வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். அங்கேயே மேல் ஒலிகள் விழுங்கப்படுகின்றன. மிக்ஸரில் ஹை-இசட் (உயர் மின்தடை) பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் நல்ல ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்குங்கள், மைக் கேபிளில் மிக்ஸரோடு இணைத்து ஃபேன்டம் பவர் (அந்தக் கேபிள் வழியே மிக்ஸர் தரும் மின்சாரம்) கொடுங்கள். மங்கல் உடனே விலகும்.

கேள்வி: ஒலி செத்த கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் உயிர் வருமாமே?

பதில்: வரும், ஆனால் கொஞ்ச காலத்துக்கு. சுற்றின் இடுக்கில் படிந்த வியர்வையும் அழுக்கும் பத்து நிமிடக் கொதியில் கழன்றுவிடும். துடைத்து முழுக்க உலர்த்தாவிட்டால் துரு ஏறும். ஃபிளாட்வவுண்டு கம்பியை (தட்டையான சுற்று உள்ளது) இப்படிச் செய்யாதீர்கள், அதன் மங்கிய ஒலிக்காகத்தான் அதை வாங்குகிறோம்.

கேள்வி: ஆம்பில் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருக்கிறது. என்னிடம் இரண்டு 8 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி). சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், இணையாக இரண்டும் 4 ஓம் ஆகும். இரண்டு 4 ஓம் கேபினட் என்றால் 2 ஓம், அது ஆம்பைக் கெடுக்கும். இணைக்க ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். கிட்டார் கேபிளின் மெல்லிய ஒயர் அந்தக் கரண்டில் சூடேறி உருகும்.