போர்ட்டைத் திறந்தும் நண்பர்கள் உள்ளே வர முடியவில்லையே, ஏன்?

கேள்வி: பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு, மகனுக்காக மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்று ஓட்டுகிறேன். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். வீட்டு வைஃபையில் நன்றாகவே ஓடுகிறது. அவனுடைய நண்பர்கள் ஐந்து பேரை அவரவர் வீட்டிலிருந்து சேர்க்கத்தான் முடியவில்லை. ரவுட்டரில் 25565 போர்ட்டைத் திறந்துவிட்டேன். ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்றே வருகிறது. வீடியோக்களைப் பார்த்து யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ளும் வசதி), டிஎம்இசட் (வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பையும் ஒரே கருவிக்கு அனுப்பும் வசதி) இரண்டையும் ஆன் செய்தேன், லேப்டாப்பின் ஃபயர்வாலையும் நிறுத்திவிட்டேன். அலுவலகத்திலிருந்து சர்வரைப் பார்த்துக்கொள்ள 22 போர்ட்டும் திறந்திருக்கிறது. நண்பர்களில் ஒருவனிடம் ஃபோன் மட்டும்தான் உண்டு. எங்கே தவறுகிறேன்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 25565 போர்ட்டை நீங்கள் திறந்த விதத்தில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் போர்ட்டுக்கு வெளியே இன்னொரு கதவு இருக்கிறது. அதன் சாவி உங்கள் இணைய நிறுவனத்திடம் இருக்கிறது என்பதே என் கணிப்பு. ஐந்தே நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் ‘வான்’ முகவரி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வெளி முகவரி உங்களுக்கே உரியது. வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குள், அதாவது ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் நிறுவனத்தின் ஏற்பாட்டுக்குள், இருக்கிறீர்கள். 10 என்றோ 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியாக இருக்கும். அதை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றித்தரச் சொல்ல வேண்டும்.

ஐபிவி4 என்ற பழைய முறையிலான இணைய முகவரிகள் உலகம் முழுவதற்குமே சுமார் 430 கோடிதான். அதனால் நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை அந்த நேட் பெட்டி குறித்துவைத்துக்கொண்டு, வரும் பதிலைச் சரியான வீட்டுக்கு அனுப்பிவிடும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று அதற்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அழைப்பு அதுவரை வந்தே சேராது.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் இருந்துகொண்டே உங்கள் வெளி முகவரியை அடித்துச் சோதிக்காதீர்கள். பல ரவுட்டர்கள் அந்த இணைப்பைத் திருப்பி உள்ளே விடாது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் தோல்வியே காட்டும். சோதனையை ஃபோனின் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

அடுத்த கட்டத்துக்குப் போகும் முன், முயற்சியில் நீங்கள் திறந்துவைத்தவற்றை இன்றே மூட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது உங்கள் அமைப்பு அல்ல, நிறுவனத்தின் நேட். நாளை நீங்களே ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி வெளி முகவரி) வாங்கினாலோ, நிறுவனம் முகவரி முறையை மாற்றினாலோ, அந்த நொடியே டிஎம்இசட்டில் இருக்கும் லேப்டாப் ஃபயர்வால் இல்லாமல் நேராக இணையத்தில் நிற்கும். அதுவும் ஐபிவி4 கணக்கு மட்டும்தான். உங்கள் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் அங்கே இந்த நேட் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் வெளி முகவரியே கிடைக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் தளர்வாக இருந்தால் 22 போர்ட் இப்போதே திறந்து கிடக்கலாம்.

நம் வீட்டு லேப்டாப்பை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஜிமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஐபிவி4 இணையம் முழுவதையும் ஒரு போர்ட்டுக்காக 45 நிமிடத்துக்குள் துழாவிவிடும். 2016இல் பெரிய தளங்களையே முடக்கிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளை வரிசையாக அடித்துப் பார்த்துத்தான். அதை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கும், காக்கும் வியாபாரத்தில் புழங்கியவர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆகவே ரவுட்டரில் டிஎம்இசட், யூபிஎன்பி, 25565, 22 நான்கையும் நீக்குங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் பெட்டியின் அடியில் அச்சிட்டதுதான் என்றால் அதையும் மாற்றுங்கள். லேப்டாப்பில் உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவை மீண்டும் ஆன் செய்யுங்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து, உதாரணமாக 192.168.1.0/24 என்ற வரம்பிலிருந்து, 22க்கும் 25565க்கும் அனுமதி கொடுத்துவிட்டு அதன் பிறகே ஃபயர்வாலை ஆன் செய்ய வேண்டும். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (22 போர்ட்டில் தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக வேலை செய்துகொண்டே முதலில் ஆன் செய்துவிட்டால், நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள்.

இனி நண்பர்கள். ஆறு பேர் விளையாட இணையம் முழுவதற்கும் கதவைத் திறக்கத் தேவையே இல்லை. டெயில்ஸ்கேல் போதும். வயர்கார்டு என்ற நுட்பத்தின் அடிப்படையில் இயங்கும் தனிப்பட்ட வலையமைப்பு (விபிஎன்) அது. வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. இரு முனைகளுமே உள்ளிருந்து வெளியே அழைப்பதால் சிஜிநேட் தடையாக இருப்பதில்லை.

லேப்டாப்பில் அதை நிறுவி உங்கள் கணக்கில் சேருங்கள். நண்பர்களை உங்கள் வலையமைப்புக்கே உறுப்பினர்களாக அழைக்காமல், அட்மின் பக்கத்தில் அந்த ஒரே லேப்டாப்பை ‘ஷேர்’ செய்து இணைப்பை அனுப்புங்கள். அப்போது அவர்களுக்கு அந்த ஒரு கருவி மட்டுமே தெரியும். உங்கள் மற்ற கருவிகள் தெரியாது. பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் கணக்கில் நிறுவித் தருவது நல்லது. பிறகு யூஎஃப்டபிள்யூவில் டெயில்ஸ்கேல் இடைமுகத்தின் வழியாக வரும் 25565க்கு அனுமதி கொடுங்கள். பகிர்ந்த லேப்டாப்பின் 22 போர்ட்டையும் நண்பர்கள் தட்ட முடியும் என்பதால், அதை டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்தின் அணுகல் விதிகளில் உங்கள் அலுவலகக் கணினிக்கு மட்டும் திறந்து (டெயில்ஸ்கேல் வழியாக வருவதை யூஎஃப்டபிள்யூ வழக்கமாகத் தடுப்பதில்லை), பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திச் சாவிக் கோப்பு வழியாக மட்டும் அனுமதியுங்கள். அலுவலகக் கணினியில் இதை நிறுவ அலுவலகத்தில் ஒப்புதல் வேண்டும். கிடைக்காவிட்டால் உங்கள் ஃபோனில் நிறுவி அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

மைன்கிராஃப்ட்டில் நண்பர்கள் அடிக்க வேண்டியது டெயில்ஸ்கேல் காட்டும் முகவரி. அதுவும் 100 என்றே தொடங்கும். சிஜிநேட் முகவரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சர்வர் லேப்டாப்புக்கு மட்டும் அட்மின் பக்கத்தில் ‘கீ எக்ஸ்பைரி’யை (கருவியின் நுழைவு அனுமதி காலாவதியாவதை) நிறுத்திவிடுங்கள். வழக்கமான கெடு 180 நாள். அதை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுந்து, காரணம் புரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒருவருக்கு மட்டும் இழுவையாக இருந்தால் டெயில்ஸ்கேலின் பிங் கட்டளையை அவருடைய கணினியில் ஓட்டிப் பாருங்கள். பதிலில் ‘டெர்ப்’ என்று வந்தால் நேரடி இணைப்பு அமையாமல் இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள். அவர் வேறு வைஃபையிலோ மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ முயன்று பார்க்கட்டும்.

சர்வரின் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் ஒயிட்லிஸ்ட்டை (அனுமதிப் பட்டியலை) ஆன் செய்து ஆறு பெயர்களையும் சேருங்கள். ஆன்லைன்-மோட் ‘ட்ரூ’ என்றே இருக்கட்டும். விலை கொடுத்து வாங்காத நண்பன் ஒருவனுக்காக அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் கணக்குச் சரிபார்ப்பே நடக்காது. உங்கள் மகனின் பெயரைத் தட்டச்சு செய்கிற எவரும் உங்கள் மகனாகவே, அவனுடைய ஆபரேட்டர் அதிகாரத்தோடு உள்ளே வந்துவிடலாம். ஒயிட்லிஸ்ட்டும் அந்த நிலையில் வெறும் பெயர்ப் பட்டியல்தான்.

சர்வரை ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டாதீர்கள். அதற்கென்று தனிப் பயனர் கணக்கு வையுங்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, சாட்டில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே சர்வரில் அந்நிய நிரலை ஓட்ட முடிந்தது. 1.18.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புக்கான மாட்பேக் எதையாவது மகன் கேட்டால், அந்த ஓட்டைக்கான திருத்தம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள்.

8 ஜிபியில் 4 ஜிபியைச் சர்வருக்குக் கொடுங்கள். முழுவதையும் கொடுத்தால் உபுண்டுவுக்கே இடமில்லாமல் டிஸ்க்கில் ஸ்வாப் ஆகி, எல்லாம் திக்கும். ரேமைவிடப் பலன் தருவது வியூ-டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் உலகைக் காட்டுவது என்ற அளவு. 10 என்று வைத்தால் ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் 21 பெருக்கல் 21, அதாவது 441 சங்க் (உலகின் சதுரத் துண்டு). 6 ஆக்கினால் 169தான். 8இல் தொடங்குங்கள், சிமுலேஷன்-டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் உலகம் இயங்குவது என்ற அளவை) 6இல் வையுங்கள். உடைத்த கல் ஒரு நொடியில் மறுபடி முளைத்து நின்றால், லாக் கோப்பில் ‘கான்ட் கீப் அப்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிராசஸர் திணறுகிறது, இன்னும் குறையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பழுது நெட்வொர்க்கில் இருக்கிறது. லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேட் 5இ கேபிளில் ரவுட்டரோடு இணைத்தாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை லேப்டாப்பின் பேட்டரியே யூபிஎஸ்தான். ஆனால் ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டர் அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்கு ஈடான சிறிய டிசி யூபிஎஸ் வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பும். வசதி இருந்தால் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். டச்பேட் மேலே தூக்கியதுபோல் தெரிந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, அன்றைக்கே பேட்டரியை மாற்றக் கொடுங்கள். மின் செலவு பயப்படும்படி இல்லை: 20 வாட் இழுக்கும் லேப்டாப் இரண்டு மாதம் இரவுபகலாக ஓடினாலும் 29 யூனிட்டுக்குள்தான்.

உலகக் கோப்புறையைச் சர்வர் ஓடும்போது அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்புகள் மாட்டிக்கொள்ளும். ‘சேவ்-ஆஃப்’ கொடுத்து, ‘சேவ்-ஆல் ஃப்ளஷ்’ முடிந்த பிறகு நகலெடுத்து, மறுபடி ‘சேவ்-ஆன்’ கொடுக்க வேண்டும். இதைத் தினமும் அதிகாலை 4 மணிக்குத் தானாக நடக்கும்படி வைத்து ஏழு நாள் நகல்களை வைத்திருங்கள். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க் ஒன்றுக்கும் போகட்டும். மாதம் ஒருமுறை ஒரு நகலை வேறு கோப்புறையில் விரித்து, அதை வைத்துச் சர்வரைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

கடைசியாக, ஃபோன் வைத்திருக்கும் நண்பன். ஃபோனில் இருப்பது பெட்ராக் பதிப்பு. ஜாவா சர்வரோடு அது நேராகப் பேசாது. சர்வரை, ப்ளகின் ஏற்கும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளுக்கு மாற்றி, கெய்சர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு ப்ளகின்களைப் போடுங்கள். கெய்சர் மொழிபெயர்க்கும், ஃப்ளட்கேட் அவனை ஜாவா கணக்கு இல்லாமலே முறையாக உள்ளே விடும், ஆன்லைன்-மோடைத் தொட வேண்டியதில்லை. யூஎஃப்டபிள்யூவில் டெயில்ஸ்கேல் இடைமுகத்துக்கு 19132 போர்ட்டை யூடிபியாகத் திறங்கள். டிசிபி என்று போட்டால் வேலை செய்யாது. ஒயிட்லிஸ்ட்டில் அவனுடைய பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வரும். ஃப்ளட்கேட் அப்படித்தான் பெட்ராக் பெயர்களைப் பிரித்துக்காட்டுகிறது. ஃபோனில் வேறு விபிஎன் ஆப் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு டெயில்ஸ்கேலை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்னுக்குத்தான் ஃபோன் இடம் தரும்.