மருந்தைச் சாப்பிடுகிற பையன்

அன்புள்ள ஐயா,

சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘டேக்’ என்ற சொல்லுக்கு இருபது பொருள் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். தடுமாறாமல் ஒப்பித்தார்கள். மறுநாளே ஒரு பையன், காய்ச்சலுக்கு ‘ஐ ஈட் மெடிசின்’ என்று எழுதியிருக்கிறான். எங்கே தவறுகிறேன்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள். சீனத்தில் சோற்றுக்கும் மருந்துக்கும் ஒரே வினைதான், ‘ச்சி’. நாமும் “மாத்திரை சாப்பிட்டியா?” என்றுதானே கேட்கிறோம்? அவன் எழுதியதன் நியாயம் ஒரு தமிழருக்குச் சட்டென்று புரியும்.

சிக்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேருந்தில் போவதற்குச் சீனத்தில் ‘உட்கார்’ என்பார்கள். படம் எடுக்க ‘தட்டு’, குளிக்க ‘கழுவு’. ஆங்கிலம் இவை எல்லாவற்றுக்கும் டேக் போடுகிறது. ஆனால் ‘டேக் எ பாத்’ என்னும்போது அங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை. வினை தேய்ந்துவிட்டது, பொருளைச் சுமப்பது ‘பாத்’தான். அதனால் டேக்குக்கு இருபது பொருள் என்று தொடங்காதீர்கள். மெடிசின், பஸ், போட்டோ, பாத் என்று பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். டேக் அதோடு ஒட்டிக்கொண்டே வரட்டும்.

இன்னொன்று. பிள்ளைகளிடம் அவர்களுடைய ‘தா’ என்ற வினையைக் கேளுங்கள். ‘அடி’ என்று பொருள். போன் பேச ‘தா’, குடை பிடிக்க ‘தா’, கூடைப்பந்து ஆட ‘தா’, கடையில் தள்ளுபடி கொடுக்கவும் ‘தா’. ஊசி போடுவது ‘தா ஜென்’. அதைச் சொல்லுக்குச் சொல் ‘ஹிட் எ நீடில்’ என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள், வகுப்பே சிரிக்கும். தா-வுக்கு எத்தனை பொருள் என்று அவர்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் ‘போடு’ என்ற சொல்லை எண்ணாதது போலத்தான். அதே நாளில் டாக்சியையும் காட்டிவிடுங்கள்: ஆங்கிலத்தில் எடுக்கிறோம், சீனத்தில் அடிக்கிறோம், தமிழில் பிடிக்கிறோம்.

டேக் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையும் அல்ல. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து ‘நிமன்’ என்ற பழைய வினையை விரட்டிவிட்டது. மரத்துப்போன கையை ஆங்கிலத்தில் ‘நம்’ (numb) என்கிறார்களே, அது நிமனின் மிச்சம்: உணர்வு எடுக்கப்பட்ட கை. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை.

‘இட் டேக்ஸ் டென் மினிட்ஸ்’ மட்டும் வேறு வகை. அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். சீனத்தில் ‘நடந்தால் பத்து நிமிடம் வேண்டும்’ என்று முடிந்துவிடும், தமிழில் ‘பத்து நிமிடம் ஆகும்’. இரண்டிலும் அந்த ‘இட்’டுக்கு வேலை இல்லை. பிள்ளைகள் தடுக்கி விழுவது டேக்கில் அல்ல, அந்த ‘இட்’டில். வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து மெட்ரோவுக்கு என்று அவர்கள் தினமும் போகிற வழிகளையே கேளுங்கள். முதல் சில நாள் ‘இட்’டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அப்புறம் நிறுத்திக்கொள்ளுங்கள்.