சமன்பாட்டுக்கும் அசமன்பாட்டுக்கும் குறி மட்டும்தான் வித்தியாசமா?

குறி மாறினால் விடையின் தன்மையே மாறிவிடும். கடையில் ஒரு நோட்டு 30 ரூபாய், பை 20 ரூபாய். ஒரு பையும் சில நோட்டுகளும் (எண்ணிக்கை க என்று வைப்போம்) வாங்கியதில் சரியாக 200 ரூபாய் ஆனது என்றால், 30க + 20 = 200. இது சமன்பாடு; க = 6, வேறு விடை கிடையாது. அதே கடைக்கு 200 ரூபாயோடு போகிறீர்கள், மிச்சம் வந்தாலும் பரவாயில்லை என்றால், 30க + 20 ≤ 200. இது அசமன்பாடு (இலங்கைப் பாடநூல்களில் சமனிலி). இப்போது க ≤ 6. நோட்டே வாங்காமல் திரும்பினாலும் கணக்கு சரிதான்.

தீர்க்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே ஓர் இடத்தில்தான் பலரும் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள்: குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்ப வேண்டும். 3 < 5 சரி. இருபுறமும் −1 ஆல் பெருக்குங்கள்: −3, −5. எண்கோட்டில் −5 தான் இடப்பக்கம், அதாவது சிறியது. ஆகவே −3 > −5.

இப்படித்தான் −2க < 6 என்பது க > −3 ஆகிறது. திருப்பாமல் க < −3 என்று எழுதிவிட்டீர்களா? க = −4 போட்டுப் பாருங்கள், 8 < 6 என்று வந்து நிற்கும்.