கருமாதிக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அப்பா கொத்தனார், செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசியவர். 53 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். வைத்தியத்துக்கே நகையெல்லாம் அடகில். தேர்ப்பாடை, வேட்டு எல்லாம் கடனில்தான். இப்போது 16-ஆம் நாளுக்கு ஊரையே கூப்பிடச் சொல்கிறார் பெரியப்பா. என்ன செய்ய?
- வாசகி, தேவகோட்டை அருகில்

பதில்: ஊருக்குச் சோறு போட வட்டிக்கு வாங்காதே, தங்கச்சி. பங்காளிகள், மாமன் மச்சான் என்று ஒரு பந்தி போதும். பெரியப்பாவிடம் நீ வாதாட வேண்டாம், அம்மா சொல்லட்டும். ஊர் வாய் ரெண்டு நாள் பேசும், அப்புறம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அப்பாவின் பாஸ்புக்கை எடுத்துப் பார். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். அப்படியானால் நோயில் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம் உண்டு, வங்கியில் கேள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் ஈமச்சடங்குக்கும் இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை தருவார்கள். பழைய தகரப்பெட்டியில் தேடு. கொத்தனார்கள் அங்கேதான் வைப்பார்கள்! எதற்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் பதிந்துவிடு, கட்டணம் இல்லை.