அமானுஷ்யக் காதல் நாவல்களில் ‘இவளுக்கு இவன்தான்’ என்று விதித்தே வைப்பது ஏன்? படிக்கும் மகளைத் தடுக்கலாமா?

குமுளிக்காரி நான். ரேஷன் கார்டு கேரளத்தது, வீட்டில் பேச்சு தமிழ், கடைவீதியில் இரண்டும் குழைந்த ஒன்று. உங்கள் மகளுக்கு 16 வயது, ஓநாய்ப் பையன்களும் ரத்தக் காட்டேரிகளும் வரும் காதல் கதைகளாகவே தேடிப் படிக்கிறாள், எல்லாவற்றிலும் ஜோடி முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது, இது அவள் மனதைக் கெடுத்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகளுக்கும் அதே வயது, அதே பைத்தியம். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு சித்ரா பௌர்ணமியன்று அவளைக் கூட்டிக்கொண்டு மங்கலதேவி மலைக்குப் போனேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது கண்ணகி கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மேலே விடுவார்கள். அந்தப் பக்கத்து ஜனம் பளியங்குடி வழியாக நடந்தே ஏறும். எங்கள் பக்கம் ஜீப். விடியற்காலையில் போய் நின்றும் வரிசை நகரவில்லை. இவள் போனுக்குள் தலையை விட்டிருந்தாள்.

“சித்தி, மேட்டுன்னா யாரு தெரியுமா? நிலா தேவதை முடிவு பண்ணி வச்ச ஆளு. பக்கத்துல வந்தா வாசனையிலயே தெரிஞ்சிரும்.”

நான் வாயைத் திறக்கும் முன் பின்னால் நின்ற கம்பத்துப் பாட்டி ஒருவர், “முறைப்பையன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு நிலா?” என்றார். வரிசையே சிரித்தது.

பாட்டி சொன்னதில் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்றே “இவ என் மவனுக்கு” என்று மாமன் வீட்டில் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விதித்து வைத்த ஜோடி நமக்கு அந்நியமான சரக்கே இல்லை. ஆனால் கதையில் வரும் விதிக்கு மாமன் கிடையாது, சீர் கிடையாது, சாதி கிடையாது, தரகர் கிடையாது. காட்டுக்குள் ஒரு பார்வை, முடிந்தது. இன்னொரு வசதியும் உண்டு. “எனக்கு இவனைப் பிடித்திருக்கிறது” என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். ஆசைப்பட்டது அவள் இல்லை, இழுத்தது விதி. பெற்றவர்களை மீறினாள் என்ற பழி அவள் தலையில் விழாது. நம் வீடுகளில் ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ‘ட்வைலைட்’ படித்தது 2009இல், மதுரையில் விடுதியில் இருந்தபோது. அட்டை கிழிந்த இரவல் பிரதி, பக்கத்தில் அகராதி, போர்வைக்குள் டார்ச். ஸ்டெஃபனி மேயர் எழுதிய அந்த வரிசையில் முதல் புத்தகம் 2005இல் வந்தது, நான்காவது 2008இல். அதற்கப்புறம்தான் வதவதவென்று தேவதை, பிசாசு, ஓநாய் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தன. எட்வர்ட் என்ற காட்டேரிக்கும் பெல்லா என்ற பெண்ணுக்கும் விதி முடிச்சுப் போட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கவனித்துப் படித்தால் அப்படி இல்லை. எட்வர்டின் தங்கை முறையில் வரும் ஆலிஸுக்கு எதிர்காலம் தெரியும். ஆனால் ஒருவர் மனசு மாறி வேறு முடிவெடுத்தால் ஆலிஸ் காணும் காட்சியும் மாறிவிடும். அது வளைந்து கொடுக்கிற விதி.

வளையாத விதி அதே கதையில் ஓநாய்ப் பையன்களிடம் இருக்கிறது. இம்ப்ரிண்டிங் என்பார்கள். ஒருத்தியைப் பார்த்த நொடியில் அவன் உலகம் முழுக்க அவளைச் சுற்றித் திரும்பிவிடும், மாற்று கிடையாது. வயசுக் கணக்கும் கிடையாது. ஒருவனுக்கு 2 வயதுக் குழந்தையோடு இப்படி ஆகிறது. ஜேக்கப்புக்கு அப்போதுதான் பிறந்த பெல்லாவின் மகளோடு. இதைப் படித்த வெளிநாட்டு வாசகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. தொட்டில், மாமன் வீடு என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினேன். முகம் சுளிக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. (கதையில் இந்த ஓநாய்ப் பையன்கள் கிவிலியூட் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பழங்குடி உண்மையானது, வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரம் லா புஷ் என்ற இடத்தில் வாழ்பவர்கள். இம்ப்ரிண்டிங் எழுத்தாளர் ஏற்றிச் சொன்னது. எங்கள் மலைப் பளியர்கள் மேல் யாராவது இப்படி ஒரு கதையை ஏற்றியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.)

அந்தக் கதையில் என்னை இன்னும் விடாதவள் லியா. சாமும் அவளும் காதலித்தவர்கள். சாம் ஓநாயாக மாறிய பின் லியாவின் உறவுக்காரப் பெண் எமிலியைப் பார்க்கிறான், விதி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் கையில் எதுவும் இல்லையாம். இதில் கொடுமை, பிறகு லியாவும் ஓநாயாகிறாள். ஓநாய் உருவில் கூட்டத்தில் ஒருவர் நினைப்பது எல்லோருக்கும் கேட்கும். சாம் எமிலியை நினைப்பதை இவள் தினம் கேட்டுக்கொண்டு ஓட வேண்டும். எல்லோருக்கும் இவள் மேல்தான் எரிச்சல், கடுகடுவென்று இருக்கிறாளாம்.

குமுளி பஜார் மாதிரி ஒரு சின்ன ஊரில் இருந்தவர்களுக்கு லியாவைப் புரிந்துகொள்ள ஓநாய் வேண்டியதில்லை.

என் நட்சத்திரம் விசாகம். ராட்சச கணம். ஜாதகத்தில் நம் ஒவ்வொருவருக்கும் தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம் என்று ஒரு பிறவி உண்டு, போதாததற்கு யோனிப் பொருத்தத்தில் ஒரு மிருகமும் உண்டு. எனக்குப் புலி. அமானுஷ்ய நாவல் எழுதுகிறவர்கள் நம் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். எனக்குப் பிடித்திருந்தவர் உத்திரட்டாதி. மனுஷ கணம், மிருகம் பசு. ஏலக்காய்க் கடையில் இருந்தார். உள்ளங்கையில் ஒரு பிடி காயைக் கொட்டி உருட்டிவிட்டு, எட்டு எம்எம் எவ்வளவு தேறும் என்று சல்லடை போடாமலே சொல்வார். புற்றடி ஏலத்தில் அன்றைய விலை எவ்வளவு என்பதோடுதான் எங்கள் பேச்சு தொடங்கும். காதல் என்று இரண்டு பேரும் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில் பேசச் சொன்னோம், பேசினார்கள், ஜாதகம் கைமாறியது. இரண்டு இடத்தில் பார்த்தார்கள். ராட்சச கணத்துப் பெண் மனுஷ கணத்துப் பையனுக்கு ஆகாது, புலிக்கும் பசுவுக்கும் பகை, வேண்டாம்.

கடைக்குப் போனேன். முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். “நம்ம கையில என்ன இருக்கு? விதி” என்றார். சொல்லும்போது பொறுக்குகிற விரல் நிற்கவே இல்லை. வெடித்த காய் ஒரு பக்கம், நிறம் மங்கிய காய் ஒரு பக்கம். அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொருத்தமில்லை என்று அவர் அம்மா சொன்னார், ஜோசியர் சொன்னார், அவர் தலையாட்டினார். மூன்று மனிதர்கள் எடுத்த முடிவுக்கு விதி என்று பெயர் வைத்தார்கள். பிறகு பல வருஷம் அந்தக் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

அதனால் எனக்கு இப்போது ஒரு பழக்கம். இந்த மாதிரிக் கதை எதைப் படித்தாலும், விதி என்று சொல்வது யார், அதனால் யாருக்குச் சௌகரியம் என்று பார்ப்பேன். லாரன் கேட் எழுதிய ‘ஃபாலன்’ 2009இல் வந்தது. வானத்திலிருந்து விழுந்த தேவதூதன் ஒருவன், பிறவிதோறும் அவனைக் காதலித்துச் சாகும் ஒருத்தி. அவனுக்கு எல்லாப் பிறவியும் ஞாபகம் இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த வீடு மாதிரிதான். நம் நகை, சம்பளம், பல்வரிசை வரை அவர்களுக்குத் தெரியும், நமக்குப் பையன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. மேகி ஸ்டீஃப்வாட்டரின் ‘தி ரேவன் பாய்ஸ்’ 2012. குறி சொல்லும் குடும்பத்துப் பெண் அவள். நீ உண்மையாகக் காதலிப்பவனுக்கு முத்தம் கொடுத்தால் அவன் செத்துப்போவான் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். அவள் அதற்காக மூலையில் உட்காரவில்லை, அந்த வாக்கோடு என்ன செய்யலாம் என்று பார்க்கிறாள். இரண்டில் எதை உங்கள் மகள் கையில் பார்க்க விரும்புவேன் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்து மோகினிப் பேயான யட்சி இந்த விஷயத்தில் நேர்மையானவள் என்றுகூடத் தோன்றும். ஏழிலைப் பாலை மரத்தடியில் நின்று, போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். நீ எனக்காகவே பிறந்தவன் என்றெல்லாம் பேச்சில்லை. கொடுத்தவன் போனான். காலையில் மரத்தடியில் நகமும் முடியும்.

ஜீப் கிடைத்து மலையேறும்போது அக்கா மகளுக்குத் தேவந்தி கதையைச் சொன்னேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தோழி. பாடப்புத்தகம் கண்ணகியோடு நின்றுவிடுவதால் இவளைப் பலருக்குத் தெரியாது. பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம், இறந்துபோன ஒரு குழந்தையின் உருவெடுத்து அந்த வீட்டிலேயே வளர்கிறது. தேவந்தியைக் கல்யாணம் செய்து எட்டு வருஷம் குடும்பம் நடத்துகிறது. அப்புறம் ஒரு நாள் தன் மூப்பில்லாத இளமை உருவைக் காட்டி, “என் கோயிலுக்கு வா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வயதாகாத காதலன், காட்டேரி இல்லாமல் நம்மிடமே இருந்திருக்கிறான். ஊருக்குத் தேவந்தி என்ன சொல்வாள்? கணவர் தீர்த்தமாடப் போயிருக்கிறார், திரும்பி வர வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அந்தக் கோயிலையே சுற்றிக்கொண்டிருப்பாள்.

அவள்தான் கண்ணகியிடம் யோசனை சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமவேள் கோயிலில் கும்பிட்டால் பிரிந்த கணவன் திரும்பி வருவான் என்று. கண்ணகி சொல்வது ஒரே சொல்: “பீடன்று”. அது பெருமை இல்லை என்கிறாள். தெய்வ சக்தி பிடித்து இழுத்து வந்துதான் அவன் வர வேண்டுமென்றால் அது எனக்கு வேண்டாம் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். முன்பிறவியில் கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்ததும், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டு மலையிலிருந்து விழுந்ததும் எல்லாம் பிற்பாடு மதுரைத் தெய்வம் வந்து விளக்குவதுதான். அதற்குள் கண்ணகி அரண்மனைக்குப் போய்ச் சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கம் என்று காட்டியாகிவிட்டது, மதுரையும் எரிந்தாகிவிட்டது.

ஜீப் குலுக்கிய குலுக்கலில் பாதி கதை காற்றில் போயிருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குக் கண்ணகியை விடத் தேவந்திதான் ஒட்டியிருந்தாள். “எட்டு வருஷம் சித்தி! அவ அவனை ரிஜெக்ட் பண்ணியிருக்கலாம்ல?”

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடுக்காதீர்கள். போனைப் பிடுங்கினால் போர்வைக்குள் படிப்பாள், எங்களுக்கு டார்ச் இருந்த மாதிரி அவளுக்கும் ஏதாவது கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, கதையில் அந்தப் பெண் மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவன் சிரித்துக்கொண்டே பின்தொடர்வானா, ராத்திரி ஜன்னல் வழியாக வந்து அவள் தூங்குவதைப் பார்ப்பானா (எட்வர்ட் பார்ப்பான், எனக்கு அப்போது அது சிலிர்த்தது), அல்லது போய்விடுவானா. விதி விட்டுப்போனவளுக்கு எழுத்தாளர் என்ன கொடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். அறிவுரை மாதிரி வேண்டாம், ஊர்வம்பு மாதிரி. கதாபாத்திரத்தைப் பற்றி வம்பு பேசச் சொன்னால் அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டுக்குள் சொல்லாத விஷயத்தையெல்லாம் சொல்வார்கள். அக்கா மகளின் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவன் “நீ எனக்குத்தான்னு எழுதியிருக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிவது இப்படிப் பேசும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அது வேறு கதை, அக்காவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்று. ரிஜெக்ட் என்று அவள் சொன்னது வெறும் பேச்சு இல்லையாம். இப்போது ஆப்பில் வரும் ஓநாய்க் கதைகளில் அது ஒரு தனி வகை. விதித்தவன் முன்னால் நின்று, பெயரைச் சொல்லி, “உன்னை என் ஜோடியாக ஏற்கவில்லை” என்று முறைப்படி அறிவிப்பார்கள். முக்கால்வாசியில் பையன்தான் முதலில் சொல்கிறான், சிலவற்றில் பெண் முந்திக்கொள்கிறாள். மலை இறங்கி வந்த ராத்திரி, அப்படிப் பெண் முந்திக்கொள்ளும் கதை ஒன்றை என் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனாள். எழுத்து சுமார்தான், ஒற்றுப்பிழை வரிக்கு வரி. பதினோரு அத்தியாயம் படித்தேன். பன்னிரண்டாவதற்குக் காசு கேட்டது. கட்டினேன்.