பந்தயத்தில் ஜெயித்த குதிரைகளுக்கு ஓய்வுக்குப் பிறகு பண்ணையில் ராஜ வாழ்க்கையாமே, உண்மையா?

கேள்விக்குக் கீழே, "ஒரு தடவை சேர்வதற்கே கோடிக்கணக்கில் பணமாம். சாப்பாடு, தூக்கம், ஜோடி, வேறு வேலையே கிடையாது. அடுத்த பிறவியில் ரேஸ் குதிரையாகப் பிறக்கணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ வாட்ஸப் ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஆபீஸில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எரிச்சலில் இரவு பதினொரு மணிக்குக் கேட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் நான் மூன்று சீசன் அப்படி ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தவன். சும்மா தாண்டிப் போக மனசு வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ரூபாய்கூடக் குதிரைமேல் கட்டியதில்லை. எங்கள் அப்பா சீட்டுக்கட்டையே வீட்டுக்குள் விடாதவர். ரேஸ் சூதாட்டமா இல்லையா, 2024-இல் கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தது சரியா என்றெல்லாம் கமெண்டில் சண்டை போட விரும்புகிறவர்கள் வேறு பதிலுக்குப் போகலாம். நான் கால்நடை மருத்துவன். நாமக்கல்லில் படித்தேன். 2009-இல் படிப்பு முடிந்தது. அரசு வேலை வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று புனே பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்தேன். பண்ணையின் பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் வரும்.

சரி, ராஜ வாழ்க்கை. அது எத்தனை குதிரைக்குக் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பந்தயத்தில் ஓடும் ஆண்குதிரைகளில் பலவற்றுக்குக் காயடித்துவிடுவார்கள். முரட்டுத்தனம் குறையும், ஓட்டத்தில் கவனம் நிற்கும் என்று. அப்புறம் அது உலகத்தையே ஜெயித்தாலும் குட்டி கிடையாது. அமெரிக்காவில் ஜான் ஹென்றி என்று ஒரு குதிரை. 1981, 1984 என்று இரண்டு தடவை வருடத்தின் சிறந்த குதிரையாக வந்தது, 65 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. காயடித்த குதிரை, அவ்வளவுதான். காயடிக்காமல் தப்பித்தவற்றிலும், ஓட்டமும் வம்சமும் இரண்டுமே நன்றாக இருக்கிற ஒருசிலதான் பொலிகுதிரை, அதாவது குட்டிக்காக வைத்திருக்கும் ஆண்குதிரை, ஆகும். பொலிகாளை தெரியும்தானே, அதுபோல.

நீங்கள் சொன்ன கோடி பொய்யில்லை. இங்கிலாந்தில் ஃபிராங்கெல் என்ற குதிரை 14 பந்தயம் ஓடி 14-உம் ஜெயித்து 2012-இல் ஓய்வு பெற்றது. 2024-இல் அதன் கட்டணம் மூன்றரை லட்சம் பவுண்டு, நம் பணத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல். ஆனால் அந்தப் பணம் குதிரைக்கா போகிறது? முதலாளிக்குப் போகிறது. அமெரிக்காவில் வழக்கமான ஒப்பந்தப்படி குட்டி பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தால்தான் அந்தப் பணமும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது, "மாட்டுக்குச் சினை ஊசி போடுற மாதிரி குதிரைக்கும் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே டாக்டர்?" தரோபிரெட்டுக்கு, அதாவது பந்தயக் குதிரை ஜாதிக்கு, போட முடியாது. ஊசியில் பிறந்த குட்டியை வம்சப் பதிவேட்டில், அதாவது ஸ்டட் புக்கில், சேர்க்க மாட்டார்கள். பதிவில்லாத குட்டி பந்தயத்தில் ஓட முடியாது. ஆகவே ஒவ்வொரு பெண்குதிரைக்கும் ஆண்குதிரை நேரில் போயாக வேண்டும். பெரிய பண்ணைகளில் ஒரே சீசனில் நூற்றைம்பதுக்கு மேல் பெண்குதிரைகள், ஒரே நாளில் மூன்று தடவைகூட. அயர்லாந்தில் பிப்ரவரி முதல் ஜூன் வரை வேலை பார்த்துவிட்டு, விமானம் ஏறி ஆஸ்திரேலியா போய் அங்கே செப்டம்பரில் மறுபடி ஆரம்பிக்கிற குதிரைகள் இருக்கின்றன. இதற்கு ஜாலி என்று பெயர் வைத்தால் ஐடி கம்பெனி நைட் ஷிப்டும் ஜாலிதான்.

ஓடத் தெரிந்த குதிரைக்கு இந்த வேலையும் வந்துவிடும் என்பதும் கிடையாது. சிகார் தொடர்ந்து 16 பந்தயம் ஜெயித்த குதிரை. பண்ணைக்குப் போன பிறகு ஒரு பெண்குதிரைகூடச் சினையாகவில்லை, காப்பீட்டுக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை 2002-இல் ஜெயித்த வார் எம்ப்ளமைப் பெரிய விலைக்கு ஜப்பான்காரர்கள் வாங்கிப் போனார்கள். அது பெரும்பாலான பெண்குதிரைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாறாக, இங்கிலாந்தின் பெரிய பந்தயமான எப்சம் டெர்பியில் 1990-இல் தோற்ற ரஸீன் இந்தியாவுக்கு வந்து வருடக்கணக்கில் முன்னணிப் பொலிகுதிரையாக இருந்தது. புகழ்பெற்ற பொலிகுதிரை நார்தர்ன் டான்ஸரின் மகன், ரத்தம் பேசியது. குட்டிகள் ஜெயிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஃபெர்டினாண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1986 கென்டக்கி டெர்பி வென்ற குதிரை. ஜப்பானுக்கு விற்றார்கள். 2002-இல் அது இறைச்சிக்கூடத்துக்குப் போனது அடுத்த வருடம்தான் வெளியே தெரிந்தது. இதுவா ராஜ வாழ்க்கை?

என் கதைக்கு வருகிறேன்.

எனது இரண்டாவது சீசனில் வெளிநாட்டிலிருந்து ஒரு புதுக் குதிரை வந்தது. இங்கிலாந்தில் நல்ல பந்தயம் ஜெயித்தது, ஐந்து வயது, கருஞ்சிவப்பு. முதலாளி பூஜையெல்லாம் போட்டு இறக்கினார். பண்ணையில் ஏற்கெனவே இன்னொரு ஆண்குதிரை இருந்தது. பெயர் ராஜு. கலப்பு ஜாதி, நெற்றியில் பிறை மாதிரி வெள்ளை. அதன் உத்தியோகத்தின் பெயர் டீசர். தினம் காலையில் ஒரு மெத்தை வைத்த மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ராஜுவை நிறுத்துவார்கள், இந்தப் பக்கம் பெண்குதிரைகள் ஒவ்வொன்றாக வரும். பருவத்தில் இருப்பது வாலைத் தூக்கி, தடுப்பில் சாய்ந்து நிற்கும். இல்லாதது காதை மடக்கிக்கொண்டு கத்தும், உதைக்கும். அந்த உதையெல்லாம் தடுப்பில் விழும், சில சமயம் ராஜுமேல். பெண்குதிரை தயார் என்று தெரிந்ததும் ராஜுவைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லாயத்தில் அடைத்துவிடுவார்கள். பொலிகுதிரை உள்ளே வரும். இது தினம் நடக்கும், ஐந்து மாதம். நான் மனசுக்குள் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

அது பிப்ரவரி. நம் நாட்டுப் பந்தயக் குதிரை எந்தத் தேதியில் பிறந்தாலும் ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வயது கூடிவிடும். வயிற்றில் இருப்பது ஏறக்குறைய பதினொரு மாதம். அதனால் பிப்ரவரியிலேயே சேர்த்து ஜனவரியிலேயே குட்டி வாங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் பறப்பார்கள். ஜனவரிக் குட்டியும் மே மாதக் குட்டியும் ஒரே வயதுக் கணக்கில்தான் ஓடும், பாருங்கள்.

அன்றைக்குச் சீனியர் டாக்டர் மும்பை போயிருந்தார். அதுவரை குட்டி போடாத ஒரு பெண்குதிரையை ஸ்கேன் பண்ணினேன். ஃபாலிக்கிள், அதாவது கருமுட்டை வளரும் நீர்ப்பை, 38 மில்லிமீட்டர். தயார் என்று எழுதினேன். ஆனால் காலையில் மாப்பிள்ளையைப் பார்த்து அது காதை மடக்கியிருந்தது. லாயத்தில் மூத்தவர் ஒரு ராஜஸ்தான்காரர், எல்லோரும் காகா என்போம். "டாக்டர் சாப், ராஜு இன்னிக்கு வேண்டாம்ங்கிறான். நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். எனக்கு இருபத்து மூன்று வயது. கையில் ஸ்கேன் மெஷின். "காகா, மெஷின் பொய் சொல்லாது" என்று சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. குளிர்காலம் முடிந்து பருவம் திரும்புகிற அந்த வாரங்களில் பெரிய ஃபாலிக்கிள் வரும், வெடிக்காமலே கரைந்தும் போகும் என்று மூன்றாம் வருடத்திலேயே படித்தது. பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விட்டது.

பெண்குதிரையின் பின்னங்காலில் கம்பளி பூட்ஸ் மாட்டி, மூக்கை முறுக்குக் கயிறு போட்டுப் பிடித்து, எல்லா ஏற்பாடும் செய்தோம். புதுக் குதிரை பக்கத்தில் வந்ததுதான் தாமதம், இரண்டு காலையும் சேர்த்து ஒரு உதை. நெஞ்சில் வாங்கியது. கம்பளி பூட்ஸ் இல்லையென்றால் எலும்பு போயிருக்கும். எலும்பு தப்பித்தது, குதிரையின் தைரியம் போய்விட்டது. அன்றிலிருந்து ஷெட் வாசலுக்கு வந்தாலே உடம்பெல்லாம் வேர்த்து நின்றுவிடும். ஒரு அடி எடுத்து வைக்காது. இரண்டு வாரம். முதலாளி தினம் இரண்டு தடவை போன். சீனியர் டாக்டர் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரிப்படுத்தியவர் காகாதான். அவர் சொன்னது எனக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை. "இவன் ரேஸில் ஓடும்போது பெண்குதிரையைப் பார்த்துக் கனைச்சா அடி விழுந்திருக்கும். நாலு வருஷம் கூடாது கூடாதுன்னு சொல்லிட்டு, இப்போ அதே கடிவாளத்தைப் போட்டு இழுத்துட்டு வந்து போன்னா எப்படிப் போவான்?" முதல் வேலையாக வாயில் இரும்பை எடுத்துவிட்டு வேறு தோல்வார் மாட்டினார். ஷெட் வேண்டாம், பின்னால் இருக்கும் புல்வெளி போதும் என்றார். எட்டு ஒன்பது குட்டி போட்ட ஒரு கிழட்டு, சாதுவான பெண்குதிரையைத் தேர்ந்தெடுத்தார். சாட்டை கிடையாது, யாரும் சத்தம் போடக் கூடாது. பிறகு அதன் பக்கத்தில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மாப்பிள்ளை வழக்கம்போல் கழுத்தை வளைத்து, கனைத்து, தன் வேலையைப் பார்த்தான். தூரத்தில் நின்ற புதுக் குதிரை முதலில் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தலையைத் தூக்கியது. காது முன்னால் வந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கனைப்பு. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அந்த சீசன் தப்பித்தது.

எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். முதலாளி போனில் ஸ்வீட் வாங்கச் சொன்னார். மாப்பிள்ளையை எப்போது லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் என்றே நான் கவனிக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது காகா அவனுக்கு வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய கதை உண்டு. இன்றைய தரோபிரெட்டுகள் எல்லாம் ஆண்வழியில் மூன்றே குதிரைகளுக்குப் போய் முடியும். அதில் ஒன்று காடால்ஃபின் அரேபியன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது முதலில் டீசராகத்தான் இருந்ததாம். பொலிகுதிரை ராக்ஸானா என்ற பெண்குதிரையை வேண்டாம் என்றுவிட, இதை விட்டார்களாம். டீசர் கதை உண்மையோ பொய்யோ, அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை மேன் ஓ வார் வந்தது அந்த வம்சத்தில்தான். நான் இதைக் காகாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ ஸ்டட் புக் கண்டிப்பா இருந்திருக்காது" என்றார்.

இந்த வேலையைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அரசு வேலை கிடைத்து ஊருக்கு வந்த பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் என் எதிரிலேயே பெண் வீட்டில், "மாப்பிள்ளை முன்னாடி பூனாவுல குதிரைக்கு மாமா வேலை பார்த்தாரு" என்று சொல்லிச் சிரித்தார். பெண்ணின் அப்பாவும் சிரித்தார். அவர் வீட்டுத் தொழுவத்தில் நாலு மாடு, நாலும் சினை ஊசியில் பிறந்தவை. அதைப் போட்டவர் டாக்டர், நான் மாமா. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மனிதனுக்குப் பல் பிடுங்குகிறவருக்கு இருக்கிற மரியாதை மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவனுக்கு இந்த நாட்டில் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கன்று குறுக்கே நிற்கிறது என்று கூப்பிடும்போது மட்டும் "சாமி" என்பார்கள்.

விடுங்கள்.

நான் கிளம்பியது 2012 மே மாதம், சீசன் முடியச் சில வாரம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் காகா சீனியர் டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு அனுமதி வாங்கியிருந்தார். தாயில்லாத குட்டிகளுக்குப் பால் கொடுக்கவென்று பண்ணையில் ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தோம். அதைப் பருவத்தில் மாப்பிள்ளையிடம் விட்டார்கள். தடுப்பு இல்லாமல், யாரும் கயிற்றை இழுக்காமல்.

அடுத்த மார்ச்சில் காகா யாரிடமோ சொல்லி என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். கால் நீளமான ஒரு குட்டி, நெற்றியில் அதே பிறை. எந்தப் பதிவேட்டிலும் அதன் பெயர் கிடையாது.

பாதி சீசனில் ஓடிவிட்டேன் என்று சொல்லிப் பண்ணை பிடித்து வைத்த ஒன்றரை மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் இன்றுவரை வரவில்லை. பெயர் சொல்லாததற்கு அதுதான் காரணம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.